பரண் மேல இருக்கற ஃபிளாப்பிய எறக்குங்க

வணக்கம்ங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் கேட்டுட்டிருக்கற எல்லாருக்கும் வணக்கம். பழைய கம்ப்யூட்டர் காலத்தப் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, எனக்கு மனசுல நிக்கறது அந்த 1.44 எம்பி ஃபிளாப்பிதான், அப்பல்லாம் ஃபைல சேத்து வெச்ச சின்ன சதுர டிஸ்க்.

அப்ப கம்ப்யூட்டர் கிளாஸ் போனவங்களுக்கு டேவ் கேம் மறந்திருக்காது. தொப்பி போட்ட பையன், கோப்பைய எடுத்தாத்தான் கதவு தொறக்கும், மொத்தம் 10 லெவல். ஜான் ரொமேரோ எழுதுனது. சார் அந்தப் பக்கம் போனா போதும், எல்லா மெஷின்லயும் அதுதான் ஓடும். இன்னொண்ணு பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, 60 நிமிஷத்துக்குள்ள இளவரசிய மீட்டாகணும். அந்த இளவரசன் ஓடறது, தாவறது, விளிம்பப் புடிச்சித் தொங்கறது எல்லாம் நெஜ மனுஷன் மாதிரியே இருக்கும், ஏன்னா அத எழுதுன ஜோர்டன் மெக்னர் தன் தம்பிய ஓட விட்டு தாவ விட்டு வீடியோ எடுத்து, அதப் பாத்துப் பாத்து ஒவ்வொரு அசைவா வரைஞ்சாரு. 1989ல ஆப்பிள் டூ மெஷினுக்கு வந்துச்சு.

அந்த கேமோட சோர்ஸ் கோடு, அதாவது அவரு எழுதுன மூல புரோகிராம், எங்க போச்சுன்னே ரொம்ப வருஷம் தெரியல. 2012ல அவங்கப்பா வீட்ட ஒழிக்கறப்ப அலமாரில பின்னாடி ஒரு பெட்டி கெடச்சது, அதுல இருந்த ஃபிளாப்பில எல்லாம் அப்படியே இருந்துச்சு. வெவரம் தெரிஞ்சவங்கள வெச்சி காப்பி எடுத்து, எல்லாரும் பாக்கட்டும்னு நெட்டுல போட்டுட்டாரு.

நம்ம ஊருலயும் அந்த மாதிரி பெட்டி இருக்குங்க, கம்ப்யூட்டர்ல நோட்டீஸ் டைப் அடிச்சிக் குடுத்த பழைய டிடிபி கடைங்கள்ல. நான் அந்தத் தொழில்ல இருந்தவன். பாரதக் கூத்து நோட்டீஸ் அடிக்க வாத்தியார் வந்து பக்கத்துல உக்காருவாரு, இன்னைக்கு அர்ச்சுனன் தபசு, அர்ச்சுனனா வேஷம் கட்றது இன்னாரு, எந்த ஊரு, மிருதங்கம் யாரு, துரியோதனன் படுகளத்துக்கு மண்ணு அடிச்சிக் குடுத்தது யாருன்னு வரிசையா சொல்லுவாரு, நான் பேஜ்மேக்கர்ங்கற சாஃப்ட்வேர்ல அடிச்சிட்டே போவேன். அந்தப் பேரெல்லாம் வேற எங்கயும் பதிவாகல. பேப்பர் மழைல போச்சு. மிச்சம் இருந்தா ஃபிளாப்பிலதான் இருக்கும்.

சரி, ஃபைல் தொறந்துடுச்சுன்னே வைங்க, அடுத்த சிக்கல் ஃபாண்ட். பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்டுல 'தமிழ்'னு அடிச்சத அந்த ஃபாண்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா இங்கிலீஷ் எழுத்துல ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்னு நிக்கும். பயந்துக்காதீங்க, எதுவும் கெட்டுப் போகல, இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் எழுத்தப் படமா வெச்சிருந்தாங்க, அவ்ளோதான். அப்ப ஒவ்வொரு ஃபாண்டுக்கும் ஒரு கணக்கு, 1999ல சென்னைல தமிழ்நெட் மாநாடு போட்டு டாம், டாப்னு ரெண்டு எழுத்துக் கணக்கப் பொதுவா கொண்டு வந்தாங்க, ஆனா எல்லாரும் அதுக்கு வரல, கடைசில 2010லதான் தமிழ்நாடு அரசு, எல்லா மெஷின்லயும் ஒரே கணக்கா இருக்கற யூனிகோடுக்கு உத்தரவு போட்டுச்சு. பாமினிய யூனிகோடா மாத்திக் குடுக்கற கன்வர்ட்டர் நெட்டுல சும்மாவே கெடைக்குது. பழைய தமிழ் நூலுங்கள நெட்டுல ஏத்தறதுக்கு 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துக்காரங்க அப்படி மாத்தி மாத்திக் கொண்டு வந்ததாலதான் சங்க இலக்கியம் இன்னைக்கு நம்ம போன்ல ஓடுது. பெரிய வேலைங்க அது, கையெடுத்துக் கும்பிடணும்.

நெட்ட நம்பி விட்டுடலாம்னு நெனைக்காதீங்க. சொந்தமா வெப் பக்கம் போட எடம் குடுத்த ஜியோசிட்டீஸ 2009ல மூடுனாங்க, ஃபேஸ்புக் மாதிரி இருந்த ஆர்குட் 2014ல போச்சு, பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்கா உக்காந்து எழுதுனதுல நெறைய அதோட போச்சு. டேவ் மாதிரி டாஸ் காலத்து கேமுங்க தப்பிச்சிடுச்சு, பழசெல்லாம் சேத்து வெக்கற இன்டர்நெட் ஆர்க்கைவ் சைட்டுல இப்பவும் பிரவுசர்லயே ஆடலாம். ஏன்னா யாரோ மெனக்கெட்டு காப்பி எடுத்து வெச்சாங்க.

யூஎஸ்பில மாட்டற ஃபிளாப்பி டிரைவ் ஆன்லைன்ல கெடைக்குது. போடறதுக்கு முன்னாடி அந்தத் தகடு மூடியத் தள்ளிப் பாருங்க, உள்ள வெள்ளையா பூஞ்சை இருந்தா ஓட்டாதீங்க, டிரைவோட ஹெட் உள்ள இருக்கற டிஸ்க்கச் சொரண்டிடும். சுத்தமா இருந்தா மொத்தத்தயும் மொதல்ல காப்பி எடுங்க, தொறந்து பாக்கறது அப்பறம். பேஜ்மேக்கர் 6, இல்ல அதுக்கு அப்பறம் வந்ததுல அடிச்ச ஃபைலா இருந்தா, அதுக்குப் பதிலா வந்த இன்டிசைன் சாஃப்ட்வேர்ல சிஎஸ்6 மாதிரி பழைய வெர்ஷன் வெச்சிருக்கற பிரஸ்ஸுக்குக் கொண்டு போங்க, அதுல தொறக்கும்.

கூத்து வாத்தியாருங்க யாராச்சும் கேட்டுட்டிருந்தீங்கன்னா, உங்க நோட்டீஸ எந்தக் கடைல அடிச்சீங்களோ அங்க இந்த வாரமே ஒரு எட்டு போய்க் கேளுங்க. வணக்கம்.