புடவை கட்டிட்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுற அம்மாவா நீங்க? ஜாக்கெட்லேர்ந்து ஆரம்பிப்போம்!

ஹாய், எல்லாருக்கும் வணக்கம். சத்தம் கேக்குதா? வெளிச்சம் ஓகேவா? பின்னாடி துணி மூட்டை தெரியும், கண்டுக்காதீங்க. அதுதான் இன்னைக்கு சப்ஜெக்டே.

"அக்கா, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எப்படி இவ்ளோ நீட்டா ஆபீஸ் போறீங்க, காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. எந்திரிக்கிற நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. நாலு மணிக்கு எந்திரிச்சாலும் அந்த நேரத்த சட்னியும் டிபன் பாக்ஸும் எடுத்துக்கும். கண்ணாடி முன்னாடி நமக்குன்னு கிடைக்கிறது ரெண்டு விசிலுக்கு நடுவுல உள்ள கேப்தான். அதுல என்ன பெருசா பண்ணிட முடியும்? நீட்டா தெரியுறது டெய்லர் கடையிலயும் ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியிலயும் முடிவாகிற விஷயம். அதனால மேக்கப்பெல்லாம் கடைசியில, கொஞ்சூண்டு. முதல்ல துணி.

நான் சென்னையில, குரோம்பேட்டையில ஏறி எக்மோர்ல இறங்குற ஆளு. பீச் வண்டி, லேடீஸ் பெட்டி. அதுல காலையில கசங்காம இறங்குற புடவைதான் என்னைப் பொறுத்தவரைக்கும் ஆபீஸ் புடவை. ஷோரூம் பொம்மை மேல நல்லா இருக்கிறதெல்லாம் கணக்குல வராது. இப்ப ஏசி வண்டி விட்டிருக்காங்க, 2025 ஏப்ரல்லேர்ந்து ஓடுது. ஆனா நம்ம டைமுக்கு வர்றது எப்பவும் சாதா வண்டிதான், அது என்ன ராசியோ.

சரி, ஜாக்கெட். ஒரு நிமிஷம், எடுத்துக் காட்டுறேன்... இதோ, உள்பக்கம் திருப்பி இருக்கேன். இந்த பக்கத் தையல் இருக்கு பாருங்க, அக்குள்லேர்ந்து கீழ வரைக்கும் வர்றது. மூணு கோடா தையல் ஓடுதா? அதுக்கு வெளிய இன்னும் ஒண்ணரை இஞ்ச் துணி விட்டிருக்காங்க. இத நாமளா கேட்டு வாங்கணும். "அண்ணா, ரெண்டு பக்கமும் உள்ள துணி விடுங்க, மூணு தையல் போட்டுக் குடுங்க"ன்னு. லைனிங்லயும் அதே அளவு விடச் சொல்லணும், அத மறந்துடாதீங்க. மேல் துணியில இடம் இருந்து லைனிங்ல இல்லன்னா பிரிச்சும் பிரயோஜனமில்ல.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, பிள்ளை பெத்தவங்களுக்கு அளவு ஒரு தடவை மாறுறதோட நிக்காது. வயித்துல இருக்கும்போது ஒண்ணு, பால் குடுக்கும்போது ஒண்ணு, பால் மறக்கடிச்சதும் இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் புதுசா தைக்க யாருகிட்ட காசு இருக்கு? உள் தையல் இருந்தா ஒரு கோட்ட பிரிச்சு விட்டா போதும். நெஞ்சுப் பக்கம் கொக்கி இழுத்துக்கிட்டு, நடுவுல வாய் பிளந்து நிக்கிற ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு எவ்ளோ காஸ்ட்லி புடவை கட்டினாலும் எடுபடாதுங்க. டெய்லர் பிரின்சஸ் கட்டுதான் ஷேப்பா இருக்கும்பாரு. உண்மைதான். ஆனா அதுல தையல் மார்பு மேலயே ஓடுறதால அப்புறமா பிரிச்சு விடுறது பெரிய வேலை. பால் குடுக்கிற வரைக்கும் சாதா கட்டு, முன்னாடி கொக்கி. முதுகுல கயிறு, பின் கொக்கியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

லைனிங்குக்கு டூ பை டூ காட்டன் கேளுங்க. வழவழன்னு ஒண்ணு போட்டுக் குடுப்பாங்க, அது மெட்ராஸ் வேர்வையைக் குடிக்காது. கலரும் பாக்கணும். சாம்பல், ஆகாச நீலம், இந்த மாதிரி வெளிர் கலர்லதான் அக்குள் வட்டம் அப்பட்டமா தெரியும். கருப்பு, நேவி ப்ளூ, அப்புறம் சின்னச் சின்னதா பிரிண்ட் போட்டது, இதுலெல்லாம் தெரியாது.

அந்த பிரிண்ட் விஷயத்துல இன்னொண்ணு இருக்கு. பால் குடுக்கிற அம்மாக்களுக்கு மட்டும் சொல்றேன். முந்தானை நம்ம இடது பக்கத்தத்தான் மூடும், வலது பக்கம் ஜாக்கெட் வெளியதான் இருக்கும். மீட்டிங் நேரத்துல பால் கட்டி கசிஞ்சா ப்ளெயின் ஜாக்கெட்ல ஈரம் உடனே காட்டிக் குடுத்துடும். அதுக்குத்தான் நான் கலம்காரி ஜாக்கெட்டா போட்டுத் தள்ளுறேன், ஃபேஷனுக்கு இல்ல. உள்ள பால் உறிஞ்சுற பேட் வச்சுக்கோங்க, நனைஞ்சா மாத்துங்க. பையில எக்ஸ்ட்ரா இருக்கட்டும்.

அடுத்து ஃபால்ஸ், புடவையோட கீழ் ஓரத்துல உள்பக்கமா வச்சுத் தைக்கிற பட்டைத் துணி. இத யாரும் பேசவே மாட்டேங்குறாங்க. புதுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சு ஒரு தோய்ப்பு தோய்ச்சதும் கீழ் ஓரம் சுருங்கி, கொசுவம் கால்கிட்ட தூக்கிக்கிட்டு நிக்குது பாத்திருக்கீங்களா? புடவை மேல தப்பு இல்ல. ஃபால்ஸ் துணி காட்டன், தண்ணி பட்டா சுருங்கும். கடையில வாங்கினத அப்படியே வச்சுத் தச்சுடுவாங்க. நீங்களே ஃபால்ஸ் வாங்கி ராத்திரி தண்ணில ஊறப் போட்டு, காய வச்சு, அயர்ன் பண்ணி அப்புறம் டெய்லர்கிட்ட குடுங்க. பைசா செலவில்ல. இத மட்டும் செஞ்சாலே கொசுவம் கீழ வரைக்கும் நேரா விழும்.

சரி, எந்தப் புடவை? ஆபீஸுக்கு சிந்தெடிக்தான் ஈஸின்னு எல்லாரும் சொல்றாங்க. கசங்காது, ஒத்துக்கிறேன். ஆனா மே மாசம் லேடீஸ் பெட்டியில அதக் கட்டிட்டு நின்னு பாருங்க, எக்மோர் வர்றதுக்குள்ள முகமெல்லாம் எண்ணெய் வடியும். முகம் களைச்சுப் போச்சுன்னா புடவை கசங்காம இருந்து என்ன லாபம்? என் ஓட்டு காட்டனுக்குத்தான். வெயில் காலத்துக்கு மதுரை சுங்குடி, லேசா இருக்கும், சீக்கிரம் காஞ்சிடும். கொஞ்சம் கெத்தா தெரியணும்ங்கிற நாளுக்கு, இன்ஸ்பெக்ஷன் இருக்கு, பெரிய சார் வர்றாருன்னா, காரைக்குடி கண்டாங்கி. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதான். அகலக் கரை, கட்டம், அரக்கு, கடுகு மஞ்சள். அந்தக் கரையே போதும், நகை தேவைப்படாது. கோ-ஆப்டெக்ஸ்ல தள்ளுபடி நேரத்துல போய் நிதானமா பாருங்க. தொட்டுப் பாத்து, கையில கசக்கிப் பாத்து வாங்குங்க.

காட்டன்னா கஞ்சி போடணும்ல, அதுக்கு எங்க நேரம்னு கேப்பீங்க. குக்கர் சாதம் வந்ததுக்கு அப்புறம் வீட்ல வடிகஞ்சியே கிடையாது. நான் ஜவ்வரிசியில செய்வேன். ரெண்டு ஸ்பூன் ஊற வச்சு, நிறைய தண்ணி விட்டு, வெள்ளை போய் தெளியுற வரைக்கும் காய்ச்சி, மெல்லிசு துணியில வடிகட்டிடணும். வடிகட்டலன்னா கருப்புப் புடவையில வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும். அரை பக்கெட் தண்ணில கலந்து, புடவைய முதல்ல வெறும் தண்ணில நனைச்சுட்டு, அப்புறம் கஞ்சியில முக்குங்க. காஞ்ச புடவைய நேரா முக்கினா ஒரு இடம் மொடமொடன்னும் ஒரு இடம் தொளதொளன்னும் வரும். நிழல்ல காய வைங்க. முழுசா காயுறதுக்கு முன்னாடி, லேசா ஈரம் இருக்கும்போதே ஓரத்தப் பிடிச்சு ரெண்டு பேரா இழுத்து மடிச்சா பாதி இஸ்திரி அங்கயே முடிஞ்சுது. எங்க வீட்ல அந்த இன்னொரு ஆளு என் வீட்டுக்காரர். கிரிக்கெட் மேட்ச் இல்லாத ஞாயிறா பாத்துப் பிடிச்சுக்கணும். கஞ்சி போட்டத மாசக்கணக்கா பீரோவுல வச்சிருக்காதீங்க, பூச்சி அரிச்சுடும். அந்த வாரத்துக்கு வேணுங்கிறத மட்டும் போடுங்க.

தெருமுனை அயர்ன் அண்ணாகிட்ட குடுத்து வாங்கினதும் அங்கயே நிறுத்திடாதீங்க. ராத்திரி கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் எடுத்து, கிளிப் போட்டு, ஹேங்கர்ல மாட்டிடுங்க. பாக்ஸ் ஃபோல்டிங்னு காசு வாங்கிக்கிட்டு மடிப்பெல்லாம் முன்கூட்டியே எடுத்துத் தர்றாங்களே, கல்யாணப் பட்டுக்கு அது சரி. 5.5 மீட்டர் காட்டனுக்கு நாம வீட்ல பண்ணிக்கிறதே தாராளம். காலையில பிள்ளை அழும்போது ஒரு கையால சொருகிட்டுப் போயிடலாம்.

உள்பாவாடை பத்தி சீக்கிரமா சொல்லிடறேன். ஷேப்வேர்னு உடம்ப ஒட்டிப் பிடிக்கிற பாவாடை போட்டா ஒல்லியா தெரியும், ஆனா வண்டிப் படி உயரம், கால் எடுத்து வைக்க முடியாது. பக்கத்துல பிளவு விட்டது கிடைக்கும், அத வாங்குங்க. சிசேரியன் ஆனவங்க, இடுப்புல நாடா அறுக்குதுன்னு தோணுறவங்க, அகலமான பட்டி வச்சுத் தச்ச பாவாடை போடுங்க. வருஷக்கணக்கா ஒரே இடத்துல நாடா இறுக்கினா தோல் கறுத்து, புண்ணாகிக்கூடப் போகும். அத சாதாரணமா விடாதீங்க.

தோள்ல குத்துற பின்னுக்கு ஒரு சின்ன விஷயம். பின்னோட சுருள் பக்கத்துலதான் நூல் மாட்டி புடவை கிழியுது. ஒரு சின்ன பாசிமணிய பின்னுல கோத்து அந்தச் சுருள் வரைக்கும் தள்ளிட்டு அப்புறம் குத்துங்க. துணி அதுக்கு மேல போகாது. கேமராகிட்ட காட்டுறேன்... ஃபோகஸ் ஆகுதா? ஆங், இதுதான்.

நடுவுல ஒரு வயித்தெரிச்சல். ரெண்டே பேன்ட்ட மாத்தி மாத்திப் போட்டுட்டு வர்ற சார்கிட்ட யாரும் "என்ன சார், டல்லா இருக்கீங்க"ன்னு கேக்கிறதில்ல. நாம ஒரு நாள் மை இடலன்னா "உடம்பு சரியில்லையா"ங்கிறாங்க. கேக்கிறவங்க கேக்கட்டும். நமக்கு வேண்டியத மட்டும் பண்ணுவோம்.

முடி. குழந்தை முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்னு பாட்டிங்க சொல்வாங்கல்ல? டைம் கணக்கு கரெக்ட்டுதான். மாசமா இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஜாஸ்தி, உதிர வேண்டிய முடியும் உதிராம தங்கிடும். பிரசவம் ஆனதும் ஈஸ்ட்ரோஜன் இறங்கிடும், ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா கொட்டும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள சரியாயிடும். அதுக்கு மேலயும் கொட்டினா இரும்புச் சத்தும் தைராய்டும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஆயிரக்கணக்குல எண்ணெய் வாங்காதீங்க. அதுவரைக்கும் வகிட்ட நடுவுலேர்ந்து கொஞ்சம் தள்ளி எடுங்க, மண்டை தெரியாது. நெத்தியில குட்டி குட்டியா எந்திரிச்சு நிக்கிற முடியை பழைய டூத் பிரஷ்ல துளி கற்றாழை ஜெல் தொட்டுப் படிய வைங்க. கழுத்துகிட்ட தாழ்வா ஒரு கொண்டை. தலைக்குக் குளிக்கிறது முந்தின நாள் சாயந்திரம்தான். ஈரத் தலையில கொண்டை போட்டா மத்தியானம் வாடை வரும்.

முகத்துக்கு சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப் 30 இருந்தாலே வெயிலோட யூவி-பி கதிர்ல 97 சதவீதம் தடுத்துடும். 50-க்குப் போனா 98. அதனால நம்பரவிட அளவு முக்கியம், ரெண்டு விரல் நீளத்துக்கு எடுக்கணும். அது காயுறதுக்கு முன்னாடி பவுடர் அடிச்சா முகம் சாம்பல் பூத்துடும், பவுடர டிபன் கட்டி முடிச்சுட்டு வந்து போடுங்க. மை கீழ் இமைக்குள்ள வேண்டாம், மேல் இமை ஓரமா மட்டும் ஒரு கோடு. ஸ்டிக்கர் பொட்ட ராத்திரி எடுத்துட்டுப் படுங்க. சிலருக்கு அந்தப் பசை ஒத்துக்காம நெத்தியில வெள்ளையா தழும்பு விழும். அரிச்சா உடனே குங்குமத்துக்கு மாறிடுங்க. உதட்டுக்கு செங்கல் கலர், நம்ம நிறத்துக்கு அதவிட பொருத்தமானது நான் பாக்கல. கம்மல் சின்ன தோடுதான். தொங்கட்டான் போட்டா பிள்ளை பிடிச்சு இழுத்துடும்.

கடைசியா, இது அழகு சம்பந்தப்பட்டது மாதிரி தெரியாது, ஆனா சம்பந்தம் இருக்கு. நெஞ்சு கனத்து, பால் கட்டி, வலியோட உக்காந்திருக்கவ முகம் எந்த லிப்ஸ்டிக்லயும் தெளியாது. 1961 மகப்பேறு நலச் சட்டத்துலயே, குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் சாதா இடைவேளை போக ரெண்டு பாலூட்டுற இடைவேளை உண்டுன்னு வச்சாங்க. 2017-ல திருத்தம் கொண்டு வந்து, முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் லீவு ஆக்கினாங்க. 50 பேர் வேலை பாக்குற இடம்னா குழந்தைகள் காப்பகம் வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துக்கலாம்னும் சேத்தாங்க. ஹெச்ஆர்கிட்ட வாயால கேக்காதீங்க, மெயில் போடுங்க. பால் பம்ப் பண்ண பாத்ரூம காட்டினா, அது இடமில்லன்னு அதையும் அந்த மெயில்லயே எழுதுங்க.

சுடிதார் போடுறவங்களுக்கு, முன் ஜிப் குர்த்தி தைக்கிறதப் பத்தி அடுத்த வீடியோ. டெய்லர் அக்காவையே கூட்டிட்டு வர்றேன், அவங்க வர ஒத்துக்கிட்டாங்க, ஆனா முகம் காட்ட மாட்டேன், கை மட்டும்தான்னு கண்டிஷன். பாக்கலாம், பை பை.