தத்து முடிஞ்ச பிறகு எந்த உதவியை எப்போ கேட்கணும்?

வணக்கம். தத்து ஆர்டர் கைக்கு வந்து, பிள்ளையும் வீட்டுக்கு வந்துட்டா தத்து ஏஜென்சிக்கும் நமக்கும் இருந்த கணக்கு தீர்ந்துபோச்சுன்னு நிறைய வீடுகள்ல நினைச்சுக்கிறாங்க. அப்படி இல்லை. தத்துக்கு அப்புறம் என்னென்ன உதவி இருக்கு, எதை எப்போ கேட்கணும், எந்த இடத்துப் பக்கம் தலைவெச்சும் படுக்கக் கூடாது, இதெல்லாம்தான் இன்னைக்கு. வீடியோ கொஞ்சம் நீளம், நிறுத்தி நிறுத்திப் பாருங்க.

உதவி கேட்கிறதை யாரோ நமக்குச் செய்ற தயவுன்னு நினைக்காதீங்க. நாடு விட்டு நாடு தத்தெடுக்கிறதுக்கான 1993 ஹேக் ஒப்பந்தத்துல, தத்துக்கு அப்புறமான சேவைகளை அரசாங்கங்கள் வளர்க்கணும்னு ஒன்பதாவது பிரிவு சொல்லுது. பிள்ளையோட பூர்வீகத் தகவலைப் பத்திரமா வைக்கணும்னு முப்பதாவது பிரிவு சொல்லுது. உள்நாட்டுத் தத்துன்னா அந்தந்த நாட்டுச் சட்டம். எப்படிப் பார்த்தாலும் கேட்கிறதுல கூச்சப்பட ஒண்ணும் இல்லை.

முதல் வேலை ஃபைல். பிள்ளை வந்த முதல் மாசத்துலயே ஏஜென்சிக்கு எழுத்துல ஒரு கடிதம் கொடுங்க. வாய்வார்த்தை போதாது. பிறந்த எடை, தலைச்சுற்றளவு எப்பெப்போ எடுத்தாங்க, தடுப்பூசித் தேதிகள், ஆஸ்பத்திரியில இருந்த விவரம், எத்தனை இடம் மாறினான், ஒவ்வொரு இடத்துலயும் யார் பார்த்துக்கிட்டாங்க, அங்க எடுத்த படங்கள் எல்லாத்தையும் கேளுங்க. இன்னும் சின்னச் சின்ன விஷயம்கூட கேட்கணும். எந்தப் பால்பவுடர், எத்தனை மணிக்கு ஒரு தடவை, வெளிச்சத்துல தூங்குமா இருட்டுலயா, தனித் தொட்டிலா, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. முதல் ரெண்டு வாரம் பிள்ளை ஏன் ராத்திரி பூரா அழறான்னு மண்டையை உடைச்சுக்கிறதுக்குப் பல நேரம் பதில் இந்தக் காகிதத்துலதான் இருக்கும். இதை ஏன் அவசரமாக் கேட்கணும்னா, பார்த்துக்கிட்ட ஆயாம்மா வேலையை விட்டுப் போயிடுவாங்க, ஆபீஸ் இடம் மாறும், பழைய பேப்பர் கரையான் அரிக்கும். 15 வருஷம் கழிச்சுப் பிள்ளையே கேட்கிறப்போ கதவைத் திறக்க அங்க ஆள் இருக்காது.

அடுத்தது டாக்டர். கவுன்சலர் இல்லை, டாக்டர். இந்த வரிசை முக்கியம். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், பிடிவாதம்னு சொல்லி நேரா மனநல ஆலோசனைக்குப் போறவங்க உண்டு. காதுல சளி கட்டிக் கேட்கும் திறன் குறைஞ்சிருந்தா எந்த ஆலோசனையாலயும் அது சரியாகாது. அதனால காது, கண், ரத்த அணுக்களோட எண்ணிக்கை, தைராய்டு, ரத்தத்துல ஈயம், வைட்டமின் டி இவ்வளவையும் முதல்ல பார்க்கச் சொல்லுங்க. காப்பகத்துல நாள்பட இருந்த பிள்ளைன்னா குடல்புழுவுக்கு வேற வேற நாள்ல எடுத்த மூணு மலமாதிரி கொடுக்கணும், ஒரு மாதிரியில தப்பிப்போகும். காசநோய்ப் பரிசோதனை முதல்ல இல்லைன்னு வந்தாலும் 3 முதல் 6 மாசத்துல திரும்பச் செய்யணும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இதெல்லாமும் அப்படித்தான், 6 மாசம் கழிச்சு மறுபடி. தொத்து பட்ட உடனே எடுத்த ரத்தத்துல அது தெரியாது. தடுப்பூசி அட்டையில சந்தேகம்னா ரத்தத்துல எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கலாம், இல்லைன்னா விட்டுப்போன ஊசிகளைத் திரும்பப் போடலாம். எதுன்னு டாக்டர் முடிவு பண்ணுவார்.

வளர்ச்சியைப் பத்திப் பயப்படறவங்களுக்கு ஒண்ணு. காப்பகத்துல இருக்கிற ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாச உயரம் பின்தங்கும்னு இந்தத் துறை டாக்டர்கள் ஒரு பொதுக்கணக்கு வெச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்ததும் உயரம், எடை பெரும்பாலும் வேகமா எட்டிப் பிடிக்கும். தலைச்சுற்றளவு மெதுவாத்தான் வரும். அதனால அதைத் தனியா அட்டவணையில குறிச்சுக்கிட்டே வாங்க.

இந்தப் படிவத்தை கேமராவுக்குக் கிட்டக் காட்டறேன், பாருங்க. எந்த ஆஸ்பத்திரியில போனாலும் இந்தக் கட்டம் இருக்கும்: குடும்பத்துல சர்க்கரை, இதயநோய், வலிப்பு உண்டா? நம்ம கை தானா "இல்லை"ன்னு டிக் போட்டுடும். போடாதீங்க. குறுக்கே ஒரு கோடு இழுத்து "தெரியாது"ன்னு எழுதுங்க. "இல்லை"ன்னு இருந்தா டாக்டர் சில பரிசோதனையைத் தள்ளிப் போடுவார். "தெரியாது"ன்னு இருந்தா சேர்த்துப் பார்ப்பார். பிள்ளை வளர்ந்து தானே படிவம் நிரப்புற வயசுல அவங்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கணும்.

சரி, முதல் சில வாரம். சொந்தக்காரங்க எல்லாரும் ஆசையா வருவாங்க, கைமாத்திக் கைமாத்தித் தூக்குவாங்க. ஏற்கனவே பல கை மாறி வந்த பிள்ளைக்கு இது இன்னொரு காப்பகம் மாதிரிதான் தெரியும். ஊட்டறது, குளிப்பாட்டறது, அழுதா தூக்கறது, தூங்கவைக்கிறது இந்த நாலும் அம்மா அப்பா மட்டும். உதவின்னு வர்றவங்களுக்கு அடுப்படி, துணி, கடைகண்ணி வேலையைக் கொடுங்க. முகம் சுளிப்பாங்க, பரவாயில்லை.

இதுலயே இன்னொரு விஷயம் தப்பாப் புரிஞ்சுக்கப்படுது. யார் கூப்பிட்டாலும் மடியில போய் உட்கார்ந்துக்கிற பிள்ளையைப் பார்த்து "எவ்வளவு நல்லாப் பழகிடுச்சு"ன்னு சந்தோஷப்படறாங்க. ரெண்டு வயசு தாண்டின பிள்ளை முன்பின் தெரியாதவங்களோட கிளம்பிப் போகத் தயாரா இருந்தா, யார் நம்ம ஆள்னு அதுக்கு இன்னும் பிடிபடலைன்னு அர்த்தம். சில மாசம் ஆகியும் மாறலைன்னா பிணைப்பு, அதாவது பிள்ளை அம்மா அப்பாவோட ஒட்டிக்கிறது, பத்திப் பயிற்சி உள்ளவங்ககிட்ட காட்டுங்க. 1989 கடைசியில ருமேனியாவுல கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு அங்க இருந்த காப்பகங்கள்ல இருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன பிள்ளைகளைப் பிரிட்டிஷ் மனநல டாக்டர் மைக்கேல் ரட்டரோட குழு வயசு வந்த பிறகும் விடாமத் தொடர்ந்து பார்த்துச்சு. ஆறு மாசத்துக்குள்ள வெளியே வந்தவங்க பெரும்பாலும் மத்த பிள்ளைகள் மாதிரியே இருந்தாங்க. ஆறு மாசத்துக்கு மேல இருந்தவங்கள்ல பலருக்குக் கவனம், பழக்கவழக்கம் சார்ந்த சிக்கல் நீடிச்சுது. ஆனா அவங்கள்லயே ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு எந்தச் சிக்கலும் வரவே இல்லை. அதனால பிள்ளை லேட்டா வந்தான்னு ஜாதகம் எழுதிடாதீங்க, சும்மாவும் இருந்துடாதீங்க.

அடுத்தது அம்மா அப்பாவுக்கு, அதாவது உங்களுக்கு. இதை யாரும் கேட்கிறதே இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைச்ச பிள்ளை, இப்போ போய் மனசு சரியில்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிறாங்க. தத்துக்குப் பின்னான மனச்சோர்வு நிஜம், அப்பாக்களுக்கும் வரும். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, 1987-ல வந்தது, 10 கேள்வி, மொத்தம் 30 மதிப்பெண். பிரசவமான தாய்மாருக்காக உருவாக்கினதுதான், தத்தெடுத்தவங்ககிட்டயும் பயன்படுத்தறாங்க. 13 அல்லது அதுக்கு மேல வந்தா மனநல டாக்டரைப் பாருங்க. மொத்தம் எவ்வளவு குறைவா இருந்தாலும் சரி, பத்தாவது கேள்விக்கு, அதாவது தன்னைத் தானே காயப்படுத்திக்கிற எண்ணத்துக்கு, பூஜ்யம் தவிர வேற பதில் வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்.

இப்போ தெரபிஸ்ட். போன்லயே ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பிள்ளையோட நாங்களும் அறைக்குள்ள இருப்போமா?" சின்னப் பிள்ளையை மட்டும் உள்ளே விட்டுட்டு உங்களை வராந்தாவுல உட்காரவைக்கிற சிகிச்சை, பிணைப்புச் சிக்கலுக்குப் பெரும்பாலும் சரிவராது. பிணைப்பு வளர வேண்டியது உங்களோட, தெரபிஸ்ட்டோட இல்லை. விளையாட்டு வழியாச் செய்ற தெராப்ளேங்கிற சிகிச்சை பெத்தவங்களும் கூட இருந்துதான் நடக்கும். அமெரிக்க உளவியலாளர் டான் ஹியூஸ் வகுத்த டிடிபிங்கிற (DDP) சிகிச்சை முறையும் அப்படித்தான். விளையாட்டுத்தனம், ஏத்துக்கிறது, ஏன்னு தெரிஞ்சுக்கிற ஆவல், பரிவு இந்த நாலும்தான் அதுக்கு அடிப்படை. பிள்ளையைத் தனியா அறையில விட்டுத் தண்டிக்கச் சொன்னாங்கன்னா கேள்வி கேளுங்க. கைவிடப்பட்ட அனுபவம் உள்ள பிள்ளைக்குத் தனிமை பாடம் கத்துக்கொடுக்காது, பழைய பயத்தைத்தான் கிளறிவிடும். பக்கத்துல உட்கார்ந்து அடங்கவைக்கிறதுதான் வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை, இதுல சமாதானமே கிடையாது. பிள்ளையை அழுத்திப் பிடிச்சு, போர்த்தி, கத்தவெச்சு "கோபத்தை வெளியே எடுக்கிறோம்"னு சொல்ற எந்த இடத்துல இருந்தும் உடனே எழுந்து வந்துடுங்க. 2000-ல அமெரிக்காவுல கொலராடோவுல 10 வயசுத் தத்துப்பிள்ளை ஒருத்தி "மறுபிறப்பு" சிகிச்சைன்னு துணியில சுத்தப்பட்டு மூச்சுத் திணறி இறந்தா. அடுத்த வருஷமே அந்த மாநிலம் அதைத் தடை பண்ணுச்சு. வேற வேற பேர்ல இன்னும் தலைகாட்டுது.

தெரபிஸ்ட்கிட்ட போறப்போ வெறுங்கையோட போகாதீங்க. இந்த மாதிரி ஒரு நோட்டு, ரெண்டு வாரம் எழுதினா போதும். மாதிரிக்கு ஒரு வரி காட்டறேன்: "செவ்வாய், சாயங்காலம் 5.40. ஸ்கூல்ல இருந்து வந்து 25 நிமிஷம். டிவியை நிறுத்தச் சொன்னோம். ரிமோட்டை எறிஞ்சான். அடங்க 35 நிமிஷம். சாப்பாட்டு டப்பா பாதி மிச்சம்." கடைசி வரியைப் பாருங்க. இதே மாதிரி நாலஞ்சு நாள் வந்தா, சண்டை டிவியால வரலை, பசியால வருதுன்னு நோட்டே சொல்லிடும். "எப்பவும் கத்தறான்"னு சொன்னா யாராலயும் எதுவும் பண்ண முடியாது.

வாழ்க்கைக் கதைப் புத்தகம், இதுக்குத் தனி வீடியோவே போடலாம். பைண்டு பண்ணின ஆல்பம் வேண்டாம், தாள் சேர்க்கவும் எடுக்கவும் முடியற ரிங் ஃபைல் வாங்குங்க. அசல் காகிதம் பூட்டின அலமாரியில, நகல் பிள்ளை கையில. கோபத்துல கிழிப்பான், கிழிக்கட்டும், இன்னொரு நகல் எடுத்துக்கலாம். முதல் பக்கத்துல "நாங்க உன்னை முதல்ல பார்த்த நாள்"னு ஆரம்பிக்கிறது எல்லாரும் பண்றது. அது உங்க கதையோட ஆரம்பம். அவனோட கதை அவன் பிறந்த நாள்ல ஆரம்பிக்குது. தேதி, ஊர், எடை, தெரிஞ்ச அளவுக்கு. "உன்னைப் பெத்த அம்மா உன்மேல உயிரா இருந்தாங்க, அதனாலதான் கொடுத்தாங்க"ன்னு எழுதாதீங்க. உயிரா இருந்தா கொடுத்துடுவாங்கன்னா, நீங்களும் உயிராத்தானே இருக்கீங்க? பிள்ளை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க, தெரியாததுக்குத் "தெரியலை"ன்னு ஒரு பக்கம் விடுங்க.

அஞ்சு வயசுல இந்தக் கதையைச் சிரிச்சுக்கிட்டே ஒப்பிச்ச பிள்ளை, எட்டு ஒன்பது வயசுல திடீர்னு வேண்டாம்னு புத்தகத்தைத் தள்ளிவிடும். உளவியலாளர் டேவிட் பிராட்ஸின்ஸ்கி இதை விரிவாப் பேசியிருக்கார். ஒரு வீட்டுக்கு வரணும்னா இன்னொரு வீட்டுல இருந்து போயிருக்கணும்னு அந்த வயசுலதான் புரியும். நீங்க எங்கயோ கோட்டை விட்டீங்கன்னு அர்த்தம் இல்லை, பிள்ளைக்கு விவரம் தெரியுதுன்னு அர்த்தம். மறுபடி ஆலோசனைக்குப் போகச் சரியான நேரமும் அதுதான்.

ஸ்கூலுக்குச் சீக்கிரமாச் சொல்லிடறேன். வகுப்பு டீச்சருக்கு ஒரே ஒரு பக்கம், அதுல வரலாறு வேண்டாம். குடும்ப மரம் வரையறது, குழந்தைப்பருவப் படம் கொண்டுவர்றது மாதிரி பாடம் வந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்கன்னு மட்டும். பசங்க கேட்கிற கேள்விக்குப் பிள்ளைகிட்ட நாலு வழியைக் கொடுங்க: விலகிப் போகலாம், "அது என் சொந்த விஷயம்"னு சொல்லலாம், கொஞ்சமாச் சொல்லலாம், தத்துன்னா என்னன்னு விளக்கலாம். அமெரிக்காவுல வைஸ் அப்ங்கிற பேர்ல இதைப் பயிற்சியாவே நடத்தறாங்க. வீட்டுல நாலையும் நடிச்சுப் பழகணும், இல்லைன்னா அந்த நேரத்துல வாய் வராது.

பதின்வயசுல, தன்னைப் பெத்தவங்க யாருன்னு தேடற எண்ணம் வரும். ஸ்காட்லாந்துல 1930-லயே, இங்கிலாந்துல 1975 சட்டத்துல இருந்து, வயசு வந்த தத்துப்பிள்ளைங்க தன்னோட அசல் பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்கலாம். இப்போ அந்த வயசுக்கு முன்னாடியே சொந்தம் போன்ல வந்துடுது. எச்சில் அனுப்பினா டிஎன்ஏ கிட் தூரத்துச் சொந்தத்தைக் காட்டுது, சமூக வலைத்தளத்துல ராத்திரி 11 மணிக்கு "நான் உன் அக்கா"ன்னு செய்தி வருது. அப்படி வந்தா அன்னைக்கு ராத்திரி பதில் போடவேண்டாம், அழிக்கவும் வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சு, மறுநாள் தத்து ஏஜென்சியோட சமூகப் பணியாளரையோ, தேடலுக்கு நடுவுல நிக்கிற சேவையையோ கூப்பிடுங்க. சொல்றவங்க உண்மையிலேயே அவங்கதானான்னு முதல்ல சரிபார்ப்பாங்க, அந்தப் பக்கம் பேச விருப்பமான்னு கேட்பாங்க. முதல்ல கடிதம், பிறகு போன், கடைசியில நேர்ல. நேர்ல பார்க்கிற நாள்ல பிள்ளையோட கூட ஒரு ஆள் இருக்கணும், இடம் பொது இடமா இருக்கணும். அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள ஆலோசகரோட ஒரு நேரம் முன்கூட்டியே குறிச்சு வெச்சுக்கங்க, ஏன்னா பார்த்துட்டு வந்த சந்தோஷம் அடங்கின பிறகுதான் அழுகை வரும்.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. பிள்ளையோட பேர், படம், எந்தக் காப்பகத்துல இருந்து வந்தான்னு மட்டும் எழுதாதீங்க. எழுதினா நான் எடுத்துடுவேன். பெரியவனானதும் அவனே தேடிப் படிப்பான்.