ஹேன்ட்போன் வச்சு சமூகத் தொழில்முனைவு கிளாஸ்: முதல்ல ஆப் செய்யணுமா?

சரி, அடுத்த கேள்வி பினாங்கு நிபோங் திபால்ல இருந்து ஒரு அக்கா அனுப்பிருக்காங்க, ரிட்டயர் ஆன டீச்சராம். படிக்கிறேன். "தம்பி, எங்க ஏரியா பொம்பளைங்களுக்கு ஹேன்ட்போன் வச்சு சமூகத் தொழில்முனைவு (ஊருக்கும் உதவற மாதிரி வியாபாரம்) கிளாஸ் நடத்தலாம்னு இருக்கோம். ட்ரெயினிங் குடுக்கறவங்க எல்லாம் பங்களாதேஷ், கென்யான்னே காட்டறாங்க, அது நமக்கு ஒத்துவருமா? முதல்ல ஒரு ஆப் செஞ்சிடலாமா?"

அக்கா, ஆப் வேணாம். அத முதல்லயே சொல்லிடறேன், இருக்கற கொஞ்ச காசும் அதுலயே போயிடும்.

பங்களாதேஷ், கென்யா தாராளமா காட்டுங்க, ஆனா பாதிக் கதையோட நிறுத்திடறாங்க பாருங்க, அதான் கோளாறு. பங்களாதேஷ்ல 1997ல ஏழைங்களுக்கு சிறுகடன் குடுக்கற கிராமீன் பேங்க்ல கடன் வாங்கி கிராமத்துப் பொம்பளைங்க போன் வாங்கினாங்க, ஊர்க்காரங்கள நிமிஷக் கணக்குல பேச விட்டு சம்பாதிச்சாங்க, அப்புறம் 2006ல அத ஆரம்பிச்ச முகமது யூனுசுக்கும் அந்த பேங்குக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைச்சது (அது கடன் திட்டத்துக்குக் குடுத்தது லா, போனுக்கு இல்ல). ஸ்லைடு இதோட முடிஞ்சிடும். அப்புறம் என்னாச்சு? போன் விலை இறங்கி வீட்டுக்கு வீடு வந்துடுச்சு, இவங்ககிட்ட வந்து காசு குடுத்து பேச யாரு வருவா, வருமானம் படுத்துடுச்சு. கிளாஸ்ல இந்த இடத்துல நிறுத்திட்டு கேளுங்க, அவங்க வித்தது என்ன, அந்தக் குறை தீர்ந்து போனா அடுத்து எத விக்கறதுன்னு. அரை மணி நேரம் பேசுவாங்க பாருங்க.

கென்யாவுல எம்-பெசா, ஒரு போன் கம்பெனி நடத்தற காசு அனுப்பற சேவை. 2005ல சோதனை பண்ணப்போ அது சிறுகடன் வாங்கினவங்க தவணைய போன்லயே கட்டறதுக்காக செஞ்சது. ஜனங்க என்ன பண்ணாங்கன்னா அத வச்சு ஒருத்தருக்கொருத்தர் காசு அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க, கம்பெனியும் அதப் பாத்துட்டு 2007 மார்ச்ல வெளியிடறப்போ ஊருக்குக் காசு அனுப்பற சேவையாவே வெளியிட்டுச்சு. பட்டன் போன்தான், இன்டர்நெட் கிடையாது, காச வாங்கி குடுக்கறது மூலைக் கடைக்காரங்க. அதுக்கும் முன்னாடியே ஆப்பிரிக்காவுல சில நாட்டுல ப்ரீபெய்ட் கிரெடிட்ட அனுப்பி காசு மாதிரி புழங்கிட்டிருந்தாங்க, அதாவது வழக்கம் முதல்ல வந்துச்சு, கம்பெனி பின்னால வந்துச்சு.

எனக்குப் புடிச்சது கேரளா மீனவங்க கதைதான், அத ஏனோ இங்க யாரும் காட்டறதில்ல. 1997ல இருந்து 2001க்குள்ள வடகேரளா கரையில செல்போன் டவர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு கரையில வாங்க ஆளில்லாம மத்தி மீன கடல்லயே கொட்டுவாங்க, பக்கத்துக் கரையில மீன் பத்தாம நிப்பாங்க. போன் வந்ததும் கடல்லயே விலை கேட்டு எங்க கரை ஏறலாம்னு முடிவு பண்ணாங்க. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் கணக்கு போட்டு 2007ல வெளியிட்டார், மீனவங்க லாபம் 8 சதவீதம் ஏறிச்சு, வாங்கறவங்களுக்கு விலை 4 சதவீதம் இறங்கிச்சு, மீன் வீணாகறது ஏறக்குறைய நின்னே போச்சு. யாரும் கிளாஸ் எடுக்கல, ஆப்பும் கிடையாது.

அதனால உங்க கிளாஸ்ல முதல்ல கொஞ்ச நாளைக்கு போனையே எடுக்காதீங்க. ஆளுக்கு ஒரு வியாபாரத்த பாக்க சொல்லுங்க, எங்க நட்டம் ஆகுது, அது விஷயம் தெரியாததால ஆகற நட்டமா இல்ல வேறயான்னு. தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுக்கற அக்கா இருப்பாங்க, வாட்சாப்ல பாதி வாய்ஸ், பாதி டெக்ஸ்ட், சுட்டு முடிச்சதும் "வேணாக்கா, மாமியார் செஞ்சிட்டாங்க"ன்னு ஒரு மெசேஜ் வரும். இதுக்கு மருந்து முன்பணம், 10 வெள்ளியாவது (ரிங்கிட்) வாங்கிட்டுத்தான் மாவு பிசையணும், அந்த 10 வெள்ளிய வாங்க ஸ்கேன் பண்ணி காசு கட்டற டியூட்நவ் கியூஆர் கையில இருக்கு, அவ்ளோதான் போனோட வேலை. கூடவே ஒண்ணு கட்டாயம் சொல்லிக்குடுங்க, காசு போட்டாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டினா நம்பக்கூடாது, பேங்க் ஆப்ப தொறந்து வந்திருக்கான்னு பாக்கணும். பழைய ஸ்கிரீன்ஷாட்ட எடிட் பண்ணி அனுப்பறவங்க நிறைய.

பாடத்த பிடிஎப்ல அனுப்பாதீங்க. பாதி பேர் போன்ல இடம் இருக்காது, வயசானவங்க தமிழ் படிப்பாங்க, சின்னப் பிள்ளைங்க சில பேருக்கு மலாய்தான் சரளம், அதனால ரெண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போதும்.

சமூகத் தொழில்னு சொல்றோமே, அது எங்க வருதுன்னா, புள்ளையையோ வயசானவங்களையோ பாத்துக்கிட்டு வெளி வேலைக்குப் போக முடியாத பத்து பேர் சேர்ந்து மாவு, எண்ணெய் மொத்தமா வாங்கி, போன் நல்லா தெரிஞ்ச ஒரு பொண்ணு எல்லாருக்கும் ஆர்டர் எடுத்து குடுத்து அதுக்கொரு பங்கு வாங்கிக்குது பாருங்க, அங்கதான் வருது. மானியம் நின்னாலும் ஓடணும். அரசாங்கத்தோட சிறுதொழில் கடன் அமைப்பு டெக்குன்ல, இந்தியர்களுக்கான ஸ்புமி கடன் இருக்கு, ஆனா அந்தப் பேச்ச கடைசியில வைங்க, முதல்லயே எடுத்தா கூட்டம் கடனுக்குத்தான் வரும்.

இன்னொண்ணு, அந்தப் பொண்ணோட சொந்த நம்பர்ல ஆர்டர் எடுக்க விடாதீங்க, நாளைக்கு கல்யாணம் பண்ணி ஜொகூர் போயிடுச்சுன்னா கஸ்டமர் மொத்தமும் கூடவே போயிடும். தனியா ஒரு ப்ரீபெய்ட் சிம் எடுங்க. ஐசி (அடையாள அட்டை) வச்சு பதியறதால ஒருத்தர் பேர்லதான் வரும், அது யார் பேருன்னு முதல் மீட்டிங்லயே எல்லாரும் இருக்கறப்போ எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. சரிங்களா அக்கா? அடுத்த கேள்வி பட்டர்வொர்த்ல இருந்து.