யாரும் ஆர்டர் குடுக்காத சிலை

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். இத்தாலி சிற்பி பெர்னினியோட சிலைகளுக்கு உயிர் குடுத்தது கைத்திறமையா, சொந்த உணர்ச்சியான்னு தலைப்பு, நான் உணர்ச்சி பக்கம் பேசுறேன். எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? அப்பா பியெட்ரோ சிற்பி, சின்ன வயசுலயே உளி பிடிச்சாரு, போப்பும், அவருக்கு அடுத்த நிலையில இருக்கிற கார்டினலும் காசு குடுத்தாங்க, செஞ்சாரு, இதுல உணர்ச்சி எங்க வந்துச்சுன்னு கேட்டாரு.

சரிங்க, அப்போ ஃபிளாரன்ஸ் பார்ஜெல்லோ மியூசியத்துல இருக்கிற கான்ஸ்டான்சா சிலைக்கு ஆர்டர் குடுத்தது யாரு? யாருமே இல்ல! பெர்னினிகிட்ட வேலை பார்த்த மத்தேயோ பொனரெல்லியோட மனைவி அவங்க, பெர்னினி அவங்க மேல பைத்தியமா இருந்தாரு, 1636-37 வாக்குல தனக்காகவே செதுக்கி வச்சுக்கிட்டாரு. போட்டோவுலயாவது கிட்டக்க போய் பாருங்க. இழுத்து முடிஞ்ச கூந்தல்ல இருந்து ரெண்டு இழை நழுவியிருக்கு, உள்சட்டை கழுத்துகிட்ட விலகியிருக்கு, உதடு லேசா திறந்து ஏதோ சொல்ல வந்த மாதிரி, கண்ணு பக்கவாட்டுல யாரையோ பார்க்குது. பளிங்குல மூச்சு விடுறாங்க! அதே சமயத்துல தாமஸ் பேக்கர்னு ஒரு இங்கிலாந்துக்காரருக்கு காசுக்கு ஒரு சிலை செஞ்சாரு, லண்டன்ல இருக்கு. சுருட்டை முடி, லேஸ் காலர் எல்லாம் பிரமாதம், ஆனா அந்த முகத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல. அதே கைதானே நடுவர் அவர்களே?

அந்த உணர்ச்சி எவ்ளோ பயங்கரமானதுன்னும் சொல்லியாகணும், அதை மறைச்சா நான் நேர்மையா பேசினதா ஆகாது. 1638ல தம்பி லூயிஜியும் கான்ஸ்டான்சாகிட்ட போறான்னு தெரிஞ்சு, இரும்புக் கம்பியால தம்பி விலா எலும்ப உடைச்சாரு, கத்தியோட துரத்திக்கிட்டு சர்ச்சுக்குள்ளயே போனாரு, அதோட நிக்காம வேலைக்காரனை அனுப்பி அந்தப் பொண்ணு முகத்தை சவரக்கத்தியால கிழிக்க வச்சாரு. எந்த முகத்தை அவ்ளோ ஆசையா செதுக்கினாரோ அதே முகத்தை! பெர்னினிக்கு 3000 ஸ்கூடி (அந்தக் காலத்து ரோம் காசு) அபராதம், அதையும் போப் எட்டாம் அர்பன் தள்ளுபடி பண்ணிட்டாரு, முகம் கிழிபட்ட கான்ஸ்டான்சாவத்தான் ஒழுக்கம் கெட்டவள்னு அடைச்சு வச்சாங்க. இன்னைக்கு படிச்சாலும் நெஞ்சு கொதிக்குது. அந்த உணர்ச்சி நல்லதுன்னு நான் வாதாடல, சிலைக்குள்ள இருக்கிறது அதுதான்னு சொல்றேன்.

இது ஒரு தடவை நடந்ததும் இல்லீங்க. இளம் வயசுல, நெருப்புல வாட்டப்பட்ட புனித லாரன்ஸ் சிலைக்காக தன் காலையே தணல்கிட்ட வச்சுக்கிட்டு, வலியில தன் மூஞ்சி எப்படி போகுதுன்னு கண்ணாடியில பார்த்தாருன்னு மகன் டொமெனிக்கோ எழுதின வாழ்க்கை வரலாற்றுல இருக்கு. பைபிள்ல வர்ற டேவிட்டோட சிலைக்கு உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற முகம் அவரோடதே.

சாமி நினைப்புல மெய்மறந்து கிடக்கிற புனித தெரேசா சிலை, கார்டினல் கொர்னாரோ சொல்லி செஞ்சதுன்னு எதிரணி எழுந்திரிப்பாங்க. ஆமா, ஆர்டர்தான். புனிதை வேணும்னு அவர் கேட்டாரு, ஆனா அந்தத் திறந்த உதடு? எனக்கு அதுல கான்ஸ்டான்சாதான் தெரியுறாங்க. பெர்னினிக்கு 1639ல கல்யாணம், 11 குழந்தைங்க, தினம் பூசைன்னு மனுஷன் மாறிட்டாரு, ஆனா உள்ள இருந்த தீ அணையல, சாமி பக்கம் திரும்புச்சு, அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு. ரோம்ல போப்போட செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சுல இவர் கட்டின மணிக்கூண்டால சுவர்ல விரிசல்னு பழி வந்து, 1646ல அதை இடிச்சாங்க. அந்த அவமானத்துல உண்மையை ஒரு பொண்ணா செதுக்க ஆரம்பிச்சாரு, கையில சூரியன், காலுக்குக் கீழ உலகம், முகத்துல சிரிப்பு. அவளை மூடியிருக்கிற துணிய காலம் வந்து விலக்கணும், அந்தக் காலத்தோட உருவத்தை கடைசி வரைக்கும் அவர் செதுக்கவே இல்ல. உண்மை மட்டும் அவர் வீட்டுலயே இருந்துச்சு, குடும்பத்தை விட்டு போகக்கூடாதுன்னு உயில்லயும் எழுதி வச்சாரு. இதுக்கு எந்த போப் காசு குடுத்தாருன்னு எதிரணி சொல்லட்டும், நடுவர் அவர்களே, நான் உட்கார்றேன்.