ஒரு அடி ஸ்கேல் நீளத்தில் பறிபோகும் போட்டி! 850-க்கும் 851-க்கும் நடுவில் என்ன இருக்கிறது?

(திரையில்: கறுப்புப் பின்னணி. வெள்ளை எழுத்தில் 850. மூன்று நொடி கழித்துப் பக்கத்தில் 851.)

இந்த இரண்டு எண்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கைத்துப்பாக்கிக் குண்டு நொடிக்கு எத்தனை அடி பறக்கிறது என்ற கணக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அடி. பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் ஸ்கேல் நீளம்தான். 851-ல் பறந்தால் அந்தப் போட்டியாளருக்கு மதிப்பெண் உண்டு. 850-ல் பறந்தால் இரண்டு நாளாக ஓடி ஓடிச் சுட்ட அத்தனைக்கும் பூஜ்யம். குறி தவறவில்லை, விதி எதையும் மீறவில்லை. ஆனாலும் பூஜ்யம்.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு பிராக்டிகல் ஷூட்டிங் என்ற விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம். அந்த விளையாட்டுக்காரர்கள் ஏன் தங்கள் தோட்டாவைத் தாங்களே வீட்டில் செய்துகொள்கிறார்கள் என்பதுதான் விஷயம். தோட்டா என்றால் பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்துப் பவுடர், முனையில் குண்டு, எல்லாம் சேர்ந்தது. பறப்பது குண்டு மட்டும்தான். நடுவில் கடலூர் வரும். ஆமாம், நம்ம கடலூர்தான். கொஞ்சம் பொறுங்கள்.

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். ஒலிம்பிக்கில் ஒரே இடத்தில் நின்று, மூச்சை அடக்கி, நிதானமாகச் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். இது அப்படி இல்லை. பஸ்ஸர் அடித்ததும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து, ஓடி, தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, வரிசையாக அட்டைகளைச் சுட வேண்டும். முதல் உலகப் போட்டி 1975-ல் சூரிச்சில் நடந்தது. வென்றவர் அமெரிக்காவின் ரே சாப்மன். அடுத்த வருடம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி ஐபிஎஸ்சி என்ற உலக அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். அமைப்பின் முத்திரை வாசகம் மூன்று லத்தீன் சொற்கள். தமிழில் சொன்னால் துல்லியம், வலிமை, வேகம். அவ்வளவுதான் வரலாறு.

மதிப்பெண் கணக்கு எளிது. எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடியால் வகுக்க வேண்டும். 20 நொடியில் 100 புள்ளி என்றால் 5. இன்னொருவர் 15 நொடியில் 90 புள்ளி என்றால் 6. குறைந்த புள்ளி எடுத்தவர் ஜெயிக்கிறார்! துல்லியமும் வேகமும் இந்த வகுத்தலுக்குள்ளேயே வந்துவிட்டன. நடுவில் ஒன்று மிச்சம் இருக்கிறது பாருங்கள், வலிமை. அதை எப்படி அளப்பது?

எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

(திரையில்: ஒரு பெருக்கல் கணக்கு. 147 × 850 = 1,24,950.)

குண்டின் எடையை வேகத்தால் பெருக்கு, ஆயிரத்தால் வகு. இதற்குப் பெயர் பவர் ஃபேக்டர். 125-க்குக் கீழே போனால் உன் ஆட்டம் கணக்கில் இல்லை. 125 தொட்டால் மைனர். அதைவிட மேலே மேஜர் என்று ஒரு படி இருக்கிறது. அமெரிக்க அமைப்பான யுஎஸ்பிஎஸ்ஏவில் அது 165, ஐபிஎஸ்சியில் பிரிவைப் பொறுத்து 160 அல்லது 170. அட்டையின் நடு வட்டாரத்தில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளி. கொஞ்சம் விலகிப் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. அதிகம் உதைக்கிற துப்பாக்கியைப் பிடித்துச் சமாளிப்பதற்கு ஒரு சன்மானம் என்று வைத்துக்கொள்ளலாம். ரொம்ப நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து.

எடையை கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். நம் பொற்கொல்லர்கள் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணி இருக்கிறதே, ஒரு குன்றிமணி சுமார் இரண்டு கிரெய்ன். 147 கிரெய்ன் குண்டு என்றால் ஒன்பதரை கிராம். ஒரு பவுன் நகையைவிடக் கொஞ்சம் அதிகம்.

இப்போது திரையில் இருக்கும் பெருக்கலைப் பாருங்கள். 147-ஐ 850-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது 124.95. பள்ளிக்கூடமாக இருந்தால் 125 என்று முழுமையாக்கிவிடுவோம். இங்கே தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே வெட்டி எறிந்துவிடுவார்கள். 124.9999 என்பது 125 ஆகாது என்று விதிப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 851 என்றால் 125.097. பாஸ்.

சரி, எடையை வேகத்தால் பெருக்கு என்று ஏன் வைத்தார்கள்? அந்தக் காலப் போட்டிகளில் குண்டின் வேகத்தை அளக்கும் மின்னணுக் கருவி எல்லோரிடமும் இல்லை. ஓர் ஊசலைத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார்கள். ஊசல் எவ்வளவு தூரம் ஆடுகிறதோ அவ்வளவு வலிமை. ஊசல் அளப்பது உந்தத்தை. உந்தம் என்றால் எடை பெருக்கல் வேகம். ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்.

அந்த ஊசலைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித மேதை. 1742-ல் அதைப் பற்றி எழுதினார். மூன்று கால் முட்டுக்கொடுத்து, நடுவே ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதன் அடியில் ஒரு ரிப்பன். குண்டு பட்டதும் பலகை பின்னால் போகும், ரிப்பன் கூடவே இழுபடும். ரிப்பன் எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்தால் குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம்! கண்ணுக்கே தெரியாமல் பறக்கிற ஒன்றின் வேகத்தை ஒரு துண்டு ரிப்பனால் அளந்திருக்கிறார் மனிதர். மஸ்கெட் என்ற அந்தக் கால நீளத் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் போகிறது என்று அப்போதே சொன்னார். காற்று அதை எவ்வளவு முரட்டுத்தனமாகத் தடுக்கிறது என்றும் காட்டினார். அதுவரை துப்பாக்கி, பீரங்கிக் கணக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் காற்றின் தடையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் என்ன ஆனார்? கிழக்கிந்திய கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்ய அவரைப் பொறியாளராக இங்கே அனுப்பியது. 1750-ல் வந்து சேர்ந்தார். காய்ச்சல் கண்டு 1751-ல் இறந்தார். இறந்த இடம் கடலூர் பக்கத்தில் தேவனாம்பட்டினம், செயின்ட் டேவிட் கோட்டை. (திரையில்: கோட்டையின் மிச்சச் சுவர், பின்னால் கடற்கரை.) சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள், ஆற்றோரம் நிற்கிற அந்தப் பழைய கட்டடம். குண்டின் வேகத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர் கடைசி மூச்சை விட்ட இடம் அது. கடலூர்க்காரர்கள் யாராவது இந்த வீடியோவைப் பார்த்தால் கமெண்டில் ஒரு வணக்கம் போடுங்கள். அங்கே அவர் பெயரில் ஒரு சின்னப் பலகையாவது வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் தோன்றினால் அதையும் எழுதுங்கள்.

சரி, விளையாட்டுக்குத் திரும்புவோம். கடையில் விற்கும் 9 எம்எம் தோட்டாவில் 124 கிரெய்ன் குண்டு பெரும்பாலும் நொடிக்கு 1,100 அடிக்கு மேல் பறக்கும். பவர் ஃபேக்டர் 136, 140 என்று வரும். தேவையோ 125. மிச்சம் எல்லாம் கையில் வாங்குகிற வீண் உதை. உதை கூடினால் துப்பாக்கி முனை மேலே எழும்பும், அது இறங்கி அடுத்த குறிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு போட்டியில் நூற்றுக்கணக்கான தோட்டா சுடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் நொடியில் ஒரு துளி போனால் மொத்தம் எவ்வளவு! அதனால் தோட்டாவைத் தாங்களே செய்து, 125-க்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, 130 பக்கம் நிறுத்திக்கொள்கிறார்கள். 147 கிரெய்ன் குண்டை 885 அடியில் விட்டால் 130 வந்துவிடும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 115 கிரெய்ன் குண்டை 1,087 அடியில் விட்டாலும் 125. 147 கிரெய்ன் குண்டை 851 அடியில் விட்டாலும் 125. ஆனால் ஆற்றலைக் கணக்குப் போட்டால் இலேசான குண்டுக்கு கால் பங்குக்கு மேல் அதிகம்! கையில் பிடிக்கும்போதும் இரண்டும் ஒன்றில்லை. வெளியே போவது குண்டு மட்டும் இல்லையே. எரிந்த பவுடர் வாயுவாகி, குண்டைப்போலப் பல மடங்கு வேகத்தில் பின்னாலேயே பீய்ச்சிக்கொண்டு போகிறது. தோட்டத்து ஹோஸ் பைப்பை முழுதாகத் திறந்தால் கையைப் பின்னால் தள்ளுமே, அதே தள்ளல். இலேசான குண்டை வேகமாக விரட்ட அதிகப் பவுடர் வேண்டும். கனமான குண்டை மெதுவாக விட்டால் கொஞ்சம் பவுடர் போதும், வாயுவும் கொஞ்சம், உதையும் மெத்தென்று இருக்கும். அதனால் மைனர் அளவில் சுடுகிற பலரும் 147-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதையே ஓப்பன் பிரிவில், அதாவது துப்பாக்கியில் பெரும்பாலான மாற்றங்களுக்கு அனுமதி உள்ள பிரிவில் போய்ச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே எல்லாம் தலைகீழ். ஓப்பன் துப்பாக்கியின் முனையில் காம்பன்சேட்டர் என்று ஒரு துண்டு இருக்கும். மேல்பக்கம் துளைகள். வாயு அந்தத் துளை வழியாக மேலே சீறும்போது முனையைக் கீழே அழுத்தும். எவ்வளவு வாயுவோ அவ்வளவு அழுத்தம். ஆகவே இவர்களுக்கு வாயு நிறைய வேண்டும்! இலேசான குண்டு, மெதுவாக எரிகிற பவுடர், அதுவும் தாராளமாக. 1980-களில் அமெரிக்க வீரர்கள் ராப் லெதமும் பிரையன் ஈனோஸும் இதற்காகப் பிடித்துக்கொண்டது .38 சூப்பர் என்ற தோட்டா. கோல்ட் என்ற துப்பாக்கி நிறுவனம் 1929-லேயே கொண்டுவந்த பழைய சரக்கு அது. ஒரே விளையாட்டு, ஒரே பெருக்கல் கணக்கு. ஒருவர் வாயுவை விரட்டுகிறார், பக்கத்துப் பிரிவுக்காரர் அதையே கும்பிட்டுக் கூப்பிடுகிறார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓப்பனில் சிவப்புப் புள்ளி சைட்டும் உண்டு, குறி பார்க்கும் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். 1990-ல் அடிலெய்டில் டக் கோனிக் என்ற அமெரிக்க வீரர் அதை வைத்து உலகப் பட்டம் வென்றார். அப்புறம் அந்தப் பிரிவில் எல்லோர் துப்பாக்கியிலும் புள்ளிதான்.

துப்பாக்கியை அமைப்பதில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், ஸ்பிரிங். சுட்டதும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே வீசி, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். தோட்டாவை மென்மையாகச் செய்துவிட்டு கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே விட்டால், ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் கூடு நடுவில் சிக்கலாம். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஸ்லைடு முன்னால் மோதும்போது முனை குறிக்குக் கீழே குனியும். ரொம்ப இளசாக இருந்தால் ஸ்லைடு சரியாக மூடாது. சைட் எழுந்து அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். அதற்காக அரை நாள் மைதானத்தில் நின்று ஸ்பிரிங் ஸ்பிரிங்காக மாற்றிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி மேஜைக்கு வருவோம். (திரையில்: ரீலோடிங் பிரஸ், பக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் பித்தளைக் கூடுகள்.) சுட்டு முடித்த கூட்டைப் பொறுக்கி, கழுவி, இந்த பிரஸ்ஸில் வைக்கிறார்கள். பழைய பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கிற சின்ன மூடி) விழும், கூடு பழைய அளவுக்கு நெருங்கும், புதுப் பிரைமர் ஏறும், வாய் லேசாக விரியும், பவுடர் கொட்டும், குண்டு உட்காரும், வாய் இறுகும். பிரஸ் சுற்றிக்கொண்டே இருப்பதால் கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா டிங் என்று தட்டில் விழும்.

எத்தனை கிரெய்ன் பவுடர் என்று நான் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். பவுடர் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். அனுமதி உள்ள நாடுகளிலும் பயம் இரண்டு. பவுடர் விழாத கூடு, இரண்டு தடவை பவுடர் விழுந்த கூடு. முதலாவதில் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். பெரிய வெடிச் சத்தத்துக்குப் பதில் ஒரு சின்ன 'டப்'. அது காதில் விழாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். நடுவருக்கு அந்த 'டப்' கேட்டதும் "ஸ்டாப்" என்று கத்துவார். இரண்டாவது இன்னும் மோசம். அதனால் அனுபவஸ்தர்கள் கூட்டில் பொங்கி நிற்கிற பவுடராகத் தேர்ந்தெடுப்பார்கள், இரண்டு தடவை விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பார்கள். ஆயிரம் தோட்டா என்றால் ஆயிரம் தடவை.

கடைசியாக, அந்த 850-க்கு வருவோம். பெரிய போட்டிகளில் அதிகாரிகள் உங்களிடமிருந்து எட்டுத் தோட்டாவை எடுத்து, உங்கள் எண் எழுதிய பையில் போட்டுக்கொள்வார்கள். க்ரோனோ மேஜையில், அதாவது குண்டின் வேகத்தை அளக்கிற இடத்தில், முதல் தோட்டாவை பிளாஸ்டிக் சுத்தி மாதிரி ஒரு கருவிக்குள் வைத்து, ஓங்கித் தட்டுவார்கள். குண்டு கழன்று விழும். தராசில் 147.0. அடுத்து மூன்று தோட்டாவை உங்கள் துப்பாக்கியிலேயே சுடுவார்கள். 846, 849, 850. சராசரியை அதே கணக்கில் போட்டால் 124.7. போதாது. இன்னும் மூன்று சுடுவார்கள். 852, 847, 849. ஆறில் அதிகமான மூன்றை எடுக்கலாம், 852, 850, 849. கால்குலேட்டரில் வருவது 124.999.

ஆமாம், 124.999. வெட்டினால் 124.

பையில் ஒரே ஒரு தோட்டா மிச்சம். இப்போது முடிவு போட்டியாளர் கையில். அதையும் உடைத்து குண்டை எடை போடச் சொல்லலாம். தராசு 147.1 காட்டினால் கணக்கு 125.08 ஆகிவிடும். இல்லையென்றால் அதைச் சுடச் சொல்லலாம். 850-க்குக் குறையாமல் பறந்தால் குறைந்தது 125.04. இரண்டில் ஒன்றுதான். மேஜைக்கு இந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள், காலையில் கொஞ்சம் குளிர், குளிரில் சில பவுடர் வேகம் குறையும். குண்டுகளை நீங்கள் எடை பார்த்து வாங்கவில்லை.

எடையா, வேகமா? கமெண்டில் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.