உயில் எழுத ஒரு வக்கீலைத் தேடும்போது

நேயர்களுக்கு வணக்கம். பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, கொங்கு நாட்டுச் சார் பதிவாளர் அலுவலகங்கள் சிலவற்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உயில், வாரிசுரிமை போன்ற காரியங்களுக்கு உள்ளூரிலேயே தகுந்த வழக்கறிஞரை எப்படித் தேடிக்கொள்வது என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனாலும் எந்த உயில் பிற்காலத்தில் சண்டையில்லாமல் நின்றது, எந்த உயிலுக்கு நீதிமன்றத்தில் கொடுப்பதற்காகச் சான்று நகல் கேட்டு வந்து நின்றார்கள் என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

தாராபுரம் பக்கத்தில் ஒரு பெரியவர். அவருக்கு ஆறு ஏக்கர் தோட்டம், நடுவில் ஒரு கிணறு, அந்தக் கிணற்றுக்கு அவருடைய அப்பாரு பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்த மின் இணைப்பு. வடபுறம் மூன்று ஏக்கர் மூத்தவனுக்கு, தென்புறம் மூன்று ஏக்கர் இளையவனுக்கு என்று உயில் எழுதிப் பதிவும் செய்தார். சர்வே எண்ணில் பிழையில்லை, நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் பிழையில்லை. ஆனால் கிணறு யாருக்கு, தண்ணீர் முறை எத்தனை நாளுக்கு ஒன்று, மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, தென்புறத்துக்காரனுடைய வண்டி எந்தத் தடத்தில் போவது என்ற நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. பெரியவரின் கருமாதி முடிந்த மறு மாதமே மோட்டார் ரூமுக்குப் பூட்டு விழுந்தது. அந்த உயிலைத் தயாரித்தவருக்குச் சட்டம் தெரிந்திருந்தது, தோட்டம் தெரிந்திருக்கவில்லை. உள்ளூர் வழக்கறிஞர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

எல்லா உள்ளூர் வக்கீலும் இதற்குப் பொருந்திவிடுவார் என்பதில்லை. உங்கள் நிலம் எந்த முன்சீப் நீதிமன்றத்தின், எந்தச் சார்பு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அது பொள்ளாச்சியோ பவானியோ உடுமலையோ, அங்கே சிவில் பக்கம் வழக்கு நடத்துகிறவராகப் பாருங்கள். விசாரிக்கும்போதும் "உயில் நன்றாக எழுதுகிறவர் யார்?" என்று கேட்காமல், "பாகப் பிரிவினை வழக்கு நடத்துகிறவர் யார்?" என்று கேளுங்கள். உயில் எந்த இடத்தில் உடைகிறது என்பதைக் கூண்டில் நிற்கும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர்தான் அறிவார். பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்வதைத் தடுக்கின்றன. ஆகவே பெரிய பலகை வைத்து அழைக்கிறவரைக் கண்டால் சற்று யோசியுங்கள். அவர் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

ஆனால் உண்மையான பரீட்சை அவருடைய அறையில் முதல் ஒரு மணி நேரத்தில் நடக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் ஒருமுறை சாட்சிக் கையெழுத்துக்காக என்னை அழைத்திருந்தார்கள். வயதான ஓர் அம்மாவை அவருடைய இளைய மகன் காரில் கூட்டி வந்திருந்தார். என்னென்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே ஒரு தாளில் குறித்துக் கொண்டுவந்திருந்தார். வக்கீல் அந்தத் தாளைப் படிக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "தம்பி, நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, அம்மாகிட்ட நான் பேசிக்கறனுங்க" என்றார். மகனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் போனபின், "ஏனுங்கம்மா, உங்களுக்கு எத்தனை மக்க? பொண்ணை எங்க கட்டிக் குடுத்திருக்கறீங்க? இந்த ஊடு உங்கய்யன் குடுத்ததா, ஊட்டுக்காரரு வாங்குனதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அரை மணி நேரம் பேனாவைத் தொடவில்லை. அதன்பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வயசு எத்தனைங்க?" என்றார். அறுபத்தெட்டு என்றேன். "அப்ப வேண்டாமுங்க, சின்ன வயசுக்காரரா ஒருத்தரைப் பாத்துக்கலாம்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டார்.

எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிறது. பின்னால் வழக்கு வந்தால், உயிரோடு இருந்து கூப்பிட்டால் வரக்கூடிய நிலையிலுள்ள சாட்சி ஒருவராவது நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்ல வேண்டும். எழுதியவருக்கு முன்பே சாட்சிகள் போய்ச் சேர்ந்துவிட்டால் மெய்ப்பிப்பது பெரும்பாடு. மகனை வெளியே அனுப்பியதற்கும் காரணம் உண்டு. சொத்தைப் பெறுகிறவரே முன்னின்று உயில் எழுத வைத்தால் அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை என்றும், அந்தச் சந்தேகத்தை நீக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவருடையது என்றும் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருக்கிறது.

பெண்ணைப் பற்றிய கேள்விதான் நம் பக்கத்தில் மிகவும் சங்கடமானது. "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அவளுக்கு என்ன பங்கு?" என்று கேட்காத குடும்பம் குறைவு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாதிருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் திருமணமான பெண்களுக்கும் அதை விரித்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பாயிற்று. எனவே பூர்வீகச் சொத்தில் தம்முடைய பங்கை மட்டுமே ஒருவர் உயிலில் எழுத முடியும். பெண்ணின் பங்கை மகனுக்கு எழுதிவைக்க அவருக்கு உரிமையில்லை. தாமே சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அப்போதும், பெண்ணின் பெயரையே காட்டாமல் விட்டுவிடலாம் என்று சொல்கிற வக்கீலைவிட, இன்ன காரணத்தால் அவளுக்கு எழுதவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்று சொல்கிற வக்கீல் மேலானவர். மூலப்பத்திரமும், சொத்தின்மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்றும் கொண்டுவரச் சொல்லாமல் எழுத உட்காருகிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்களும் அவரை இரண்டொரு கேள்வி கேட்கலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. முத்திரைத்தாள் செலவென்று யாராவது தொகை கேட்டால் விளங்கிக்கொள்ளுங்கள். கட்டாயமில்லை என்றாலும் பதிந்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. நம் பகுதியில் உள்ள சொத்துக்கு இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் மெய்யானதென்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உயில் வேண்டாம், உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள் என்று அவர் சொன்னால், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதில் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டை அப்படி நினைத்தபோது மாற்ற முடியாது.

கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

கடைசியாக, என் பழைய மேசையிலிருந்து ஒரு சங்கதி. பதிவான உயில், பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கென்று உள்ள 3-ஆம் புத்தகத்தில் ஏறுகிறது. வில்லங்கச் சான்றோ மற்றச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்திலிருந்து வருவது. அதனால் பிள்ளைகள் எத்தனை முறை வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் உயில் அதில் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நாங்கள் நகல் கொடுப்பதுமில்லை. இரகசியத்துக்கு இது நல்லதுதான். ஆனால் உயில் எந்த அலுவலகத்தில், எந்த ஆண்டு, எந்த எண்ணில் பதிவாயிற்று என்பதை ஒரு சீட்டில் எழுதி, நீங்கள் நம்புகிற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கோபி வக்கீல் அந்த அம்மாவிடம் சீட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பொண்ணுகிட்டயே குடுத்துருங்க" என்றார்.

நன்றி, வணக்கம்.