பெட்டிக்கு வெளியே ஒரு கிட்டார்

நேயர்களுக்கு வணக்கம்.

"ஷிஃப்ட் வேலைக்குப் போகிறீர்கள், வீட்டில் இரண்டு பிள்ளைகள், இதில் மூன்று குழுக்களில் கிட்டாரும் வாசிக்கிறீர்கள். எப்படி முடிகிறது?" கடந்த 18 ஆண்டுகளில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இன்று அதற்குப் பதில் சொல்ல நிலையத்தார் 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். என் பதில் ஒரு வரிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநடுவே திரும்பவும் சொல்வேன். கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

நான் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். மாலையில் மூன்று குழுக்கள். ஒன்று பழைய நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ராக் குழு, சத்தம் அதிகம். இன்னொன்றில் சாக்ஸபோன், கீபோர்டு எல்லாம் உண்டு. ஆடுவதற்கு ஏற்ற பாட்டுகள். மூன்றாவதில் மூன்றே பேர், ஒருவர் பாட மற்ற இருவர் மெதுவாக வாசிப்போம்.

மகள் பிறந்த புதிதில் நான் கிட்டாரை ஒளித்து வைத்துத்தான் வாசித்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலிபெருக்கியான ஆம்பில் இணைக்காமல், தந்தியைத் தொட்டும் தொடாமலும் வாசிப்பேன். ஒத்திகைக்குக் கிளம்பும்போது "சின்ன வேலை, சீக்கிரம் வந்துவிடுவேன்" என்பேன். வீட்டாருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பதுதான் எண்ணம். ஒரு நாள் இரவு என் மனைவி சொன்னார்: "ஏங்க, நீங்க வாசிக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எப்ப போறீங்க, எப்ப வருவீங்கன்னு தெரியாம இருக்கறதுதான் கஷ்டம்."

அவர் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. தொந்தரவு தரக்கூடாது என்று நான் செய்ததெல்லாம் தொந்தரவாகத்தான் இருந்திருக்கிறது. மறுநாளே கிட்டாரை உள்ளறையிலிருந்து எடுத்து வந்து, கூடத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினேன். பக்கத்துச் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டினோம். என் ஷிஃப்ட், பிள்ளைகளின் பள்ளி நாட்கள், மனைவியின் வேலை நாட்கள், மூன்று குழுக்களின் ஒத்திகை எல்லாமே அதில்தான். நிகழ்ச்சிக்கு யார் கூப்பிட்டாலும் அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே சம்மதம் சொல்வதில்லை. "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்பேன். மூன்று குழுத் தலைவர்களுக்கும் இது தெரியும். மூவரும் மதிக்கிறார்கள்.

சரி, ஸ்டாண்டுக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் எட்டு மணி நேரம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றுவிட்டு வந்தவனுக்கு அந்த அரை நிமிடம் பெரிய மலை. பெட்டி மூடியிருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தோன்றிவிடும். கண்ணெதிரே நின்றால் கை தானாகப் போகும். உட்கார்ந்து 15 நிமிடம் வாசிப்பேன். அந்த 15 நிமிடம்தான் மூன்று குழுக்களையும் தாங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காரலாமே என்று கேட்பார்கள். உட்காரலாம்தான். ஆனால் ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களில் பிரித்துப் படிப்பது மனதில் நிற்கும் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன் சோதனைகளில் கண்டு எழுதிவிட்டார். விரல் நுனியும் அதையேதான் சொல்கிறது. தந்தி அழுத்தி அழுத்தி நுனித்தோல் காய்த்துப்போகும் அல்லவா? சில வாரம் விட்டுவிட்டால் அது மறுபடி மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் ஒத்திகையில் பத்தாவது பாட்டிலேயே வலி எடுக்கும். தினமும் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் காய்ப்பு போகாது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். கிட்டார் மரம். காற்றில் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் இருந்தால் அதற்குச் சுகம். மிகவும் வறண்டால் வெடிப்பு விடும், ஈரம் அதிகமானால் உப்பும். ஆகவே வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், ஈரம் கசியும் சுவரோரமும் வேண்டாம். காற்று மிக வறண்டு போகும் நாட்களில் மட்டும் பெட்டிக்குள் இருக்கட்டும். மற்ற நாளெல்லாம் வெளியேதான்.

விரலைப் பற்றிச் சொன்னதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். இயந்திரத்தோடு பிழைக்கிறவன் என்பதால் இவர் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி. 1965-ல் அவருக்கு 17 வயது, பர்மிங்ஹாமில் ஒரு உலோகத் தகடு ஆலையில் வேலை. இசைக்காக வேலையை விட்டுவிடுவதாக இருந்தார். அன்றுதான் கடைசி நாள். அன்றைக்கென்று பார்த்து இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கமுள்ளவர், எனவே தந்திகளை அழுத்துகிற கையே அந்த வலது கைதான். இனிமேல் வாசிக்க முடியாது என்று மனம் உடைந்து கிடந்தவரிடம் ஆலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் ஒரு தீ விபத்தில் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிப்போயின. மீதி இரண்டு விரல்களை வைத்துக்கொண்டுதான் அந்த வேகத்தில் வாசித்தார். அதைக் கேட்ட அயோமி பிளாஸ்டிக்கை உருக்கித் தன் விரல்களுக்கு உறை செய்துகொண்டார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னால் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார்.

இந்தக் கதையில் நான் அதிகம் நினைப்பது அந்த மேலாளரைத்தான். தன்னிடம் வேலை பார்த்த ஒரு பையன் வாசிக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் இசைத்தட்டோடு வந்தார். நானும் என் ஷிஃப்ட் மேற்பார்வையாளரிடம் குழுக்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் எனக்குச் சலுகை எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் காரணம் ஜோடிக்க வேண்டியதில்லை. இதுவும் பெட்டியைத் திறந்து வைப்பதுதான். அப்புறம், கையுறை போட வேண்டிய வேலையில் நான் கையுறை இல்லாமல் நின்றதில்லை. சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டும் நின்றதில்லை. இரண்டுமே ஆபத்து.

மூன்று குழு என்றால் பாட்டுகள் குழம்பாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். எழுதாமல், படம் பார்க்காமல் வானொலியிலேயே சொல்லிவிடலாம். நமக்குச் சரிகம தெரியும். யார் எந்தச் சுருதியில் பாடினாலும் தொடங்குகிற சுரம் ச-தான். சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதுதான் கார்டு. கார்டுகளையும் அப்படியே எண்ணால் நினைவு வைத்துக்கொள்ளலாம். ச-வில் எழும் கார்டு 1, ம-வில் எழுவது 4, ப-வில் எழுவது 5. ஒரு பாட்டு 1, 4, 5 என்று போகிறது என மனதில் இருந்தால், ஸி சுருதியில் அது ஸி, எஃப், ஜி. ஜி சுருதிக்கு மாற்றினால் ஜி, ஸி, டி. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்த எண் முறை புழக்கத்துக்கு வந்தது. ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ் அதைத் தொடங்கி வைத்தார். எங்கள் சாக்ஸபோன்காரருக்கு பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்றால் விரல் சுலபமாக ஓடும், எனக்கோ ஈ, ஏ, ஜி. எண்ணில் பேசிக்கொண்டால் இருவருக்கும் நடுவே வாக்குவாதமே வராது.

இப்போது ஒரு சம்பவம். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூட சொல்லலாம்.

எங்கள் ராக் குழுப் பாடகரின் தொண்டைக்கு ஏற்றபடி எல்லாத் தந்திகளையும் அரை சுரம் தாழ்த்தி வாசிப்போம். ஒரு சனிக்கிழமை இரவு அந்தக் குழுவோடு ஒத்திகை. மறுநாள் காலையில் எனக்கு ஷிஃப்ட், மாலையில் இன்னொரு குழுவின் நிகழ்ச்சி. வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. மனைவியும் பிள்ளைகளும் கிட்டாரை எடுத்துக்கொண்டு நேரே அரங்கத்துக்கு வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சவுண்டு செக் முடிந்திருந்தது. கிட்டாரை மாட்டினேன், ட்ரம்மர் தாளம் எண்ணினார், முதல் பாட்டு தொடங்கியது. நான் ஜி கார்டை மீட்டினேன்.

ஆர்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். காதைப் பிறாண்டுகிற அந்த ஒலிதான் அரங்கம் முழுக்கக் கேட்டது. முந்தின நாள் சுருதியை நான் மாற்றவே இல்லை. உள்ளங்கையால் தந்திகளைப் பொத்திக்கொண்டேன். பாட்டு போய்க்கொண்டிருக்கிறது.

ஆறு முறுக்காணிகளையும் திருகிச் சுருதி ஏற்றிவிட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். என் கிட்டாரின் பாலம், அதாவது தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பகுதி, மிதக்கிற வகை. தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தந்திகள் இழுக்கின்றன, மறுபக்கம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன, நடுவில் பாலம் நிற்கிறது. அரை சுரம் தாழ்த்தினால் தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறைகிறது. இப்போது ஒரு தந்தியை ஏற்றினால் தராசு அந்தப் பக்கம் சாயும், மற்ற ஐந்தும் இறங்கும். அடுத்ததை ஏற்றினால் முதலில் ஏற்றியதும் இறங்கும். மூன்று நான்கு சுற்று வந்தால்தான் எல்லாம் நிலைக்கு வரும். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அது நடக்காத காரியம்.

அப்போது மேடையின் ஓரத்தில் என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கிட்டார் பை அவள் மடியில்தான் இருந்தது. பக்கவாட்டுப் பையிலிருந்து கேப்போவை எடுத்து நீட்டிக்கொண்டே, "அப்பா, ஒண்ணாவதுல போடுங்க!" என்றாள்.

கேப்போ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கழுத்தின் குறுக்கே ஆறு தந்திகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் ஒரு கவ்வி. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டில் மாட்டினால் எல்லாச் சுரமும் அரை சுரம் ஏறும். அரை சுரம் இறங்கியிருந்த கிட்டார் அந்தக் கணமே சரியான சுருதிக்கு வந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் நான் குழுவோடு சேர்ந்துகொண்டேன்.

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது? நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அவளுக்குக் கிட்டார் வாசிக்கவும் தெரியாது. ஆனால் தினமும் மாலையில் நான் வாசிக்கும் அதே கூடத்தில் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். ராக் குழுவின் சுருதியிலேயே கிட்டாரை விட்டுவிட்டு, மற்ற குழுவின் பாட்டைப் பழகும்போது நான் முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுவதை நூறு முறை பார்த்திருக்கிறாள். காதும் கேட்டிருக்கிறது. "வேற மாதிரி இருந்துச்சுப்பா, அதான்" என்றாள். நான் பழையபடி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இது எங்கிருந்து தெரியும்?

அன்றிலிருந்து சுருதி மாற்றினால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, முறுக்காணிகளுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு இடையே செருகிவிடுவேன். எடுப்பவர் கண்ணில் படாமல் போகாது. பல குழுக்களில் வாசிப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். கேப்போ மாட்டியதும் சுருதி ஒரு நூல் ஏறியிருக்கும், டியூனரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. ஒரு குழுவை விட்டு எப்போது விலகலாம் என்று பேச நினைத்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். காதைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும்.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 15 நிமிடம். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், ஆம்புக்கு முன்னால் நின்றால் 100 சாதாரணமாக வரும். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு கணக்கு கூடுதல். ஆலைச் சத்தமும் ஒத்திகைச் சத்தமும் ஒரே காதில், ஒரே நாளில் சேர்கின்றன. ஆலையில் விதிப்படி காதுக் கவசம் போட்டேன், மாலையில் அதைக் கழற்றிவிட்டு ஒத்திகையில் வெறும் காதோடு நின்றேன். பல ஆண்டுகள் அப்படி நின்றேன். என் இடது காதில் இப்போது ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கிறது. வீடு அடங்கிய பிறகு தெளிவாகக் கேட்கும். அது போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பஞ்சு போன்ற அடைப்பான் உயர்ந்த சுரங்களை அதிகம் மழுக்கிவிடும், வாசிக்கவே பிடிக்காது. இசைக் கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்த அடைப்பான்கள் இருக்கின்றன. அவை மேல், கீழ் எல்லாச் சுரத்தையும் ஏறத்தாழ ஒரே அளவு குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும். அதை வாங்குங்கள். என் மகன் இப்போது ட்ரம்ஸ் கற்கிறான். அவனுக்குக் குச்சி வாங்குவதற்கு முன்பே காதுக் கவசம் வாங்கிவிட்டோம். அதுவும் கூடத்தில், கிட்டார் ஸ்டாண்டிலேயேதான் தொங்குகிறது.

நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.